மகளின் படிப்பும் என் சாப்பாட்டு டப்பாவும்

என் மகள் படிக்க ஆசைப்பட்ட படிப்பின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கல்லில் கிடந்த தோசை கருகிவிட்டது. சமூக நீதிக்கும் சமத்துவத்துக்குமான கல்வியியலில் முதுகலை. மூச்சு விடாமல் சொன்னாள். வடக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம், இரண்டு வருஷம், இடம் கிடைத்துவிட்டது, உதவித்தொகையும் உண்டு. ஏப்ரல் முடிவதற்குள் சேருகிறேன் என்று பதில் சொல்ல வேண்டும். நான் கருகின தோசையைச் சுரண்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். அடுத்த கரண்டி மாவை எடுத்துக்கொண்டே, "முடியாது" என்றேன்.

"ஏன்னு கேக்கலாமா?"

"கேளு. பதில் மாறாது."

நான் இந்தத் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகள் வரலாற்றில் பட்டம் முடித்திருந்தாள். அடுத்து பி.எட்., அப்புறம் தகுதித் தேர்வு, அப்புறம் ஏதாவது ஓர் அரசுப் பள்ளிக்கூடம் என்று நான் மனசுக்குள் ஒவ்வொன்றாகப் போட்டு வைத்திருந்தேன். எட்டயபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குக்கிராமத்தில் போட்டாலும் சரி, பஸ் பிடித்துப் போய் வந்துவிடலாம் என்பது வரை யோசித்திருந்தேன். நான் போட்ட கணக்கில் வடக்குக்கு இடமே இல்லை.

கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அன்றைக்குப் பகல் ஷிப்ட் முடித்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு பெண்கள் சண்டை போடுகிற வீட்டில் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிற கலை அவருக்கு நன்றாக வரும். அன்று அவள் அவரை விடவில்லை.

"அப்பா, நீங்க சொல்லுங்க."

"டீச்சர் சொல்லிட்டாங்கல்லா," என்றார். வீட்டில் என்னைக் கேலி செய்யும்போது அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"அந்தப் படிப்ப முடிச்சா என்ன வேலை கிடைக்கும்ளா?" என்று நான் கேட்டேன்.

"ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுக்கலாம். பாடத்திட்டம் எழுதலாம். ஆராய்ச்சி செய்யலாம்."

"அப்ப பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துத வேலை மட்டும் கிடையாது. பாடம் நடத்துதவளுக்குப் பாடம் நடத்தணும், அப்படித்தான?"

"உனக்கு யாராவது நடத்தினா என்ன தப்பு?"

"எனக்கு நடத்தியாச்சு."

அவளுக்கு அது விளங்கவில்லை. விளக்கும் எண்ணமும் எனக்கு அப்போது இல்லை. அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். நான் மிச்ச மாவையும் ஊற்றி முடித்துவிட்டுத்தான் அடுப்பை அணைத்தேன்.

அதிலிருந்து வீட்டில் தினமும் பட்டிமன்றம்தான். நடுவர் இல்லாத பட்டிமன்றம். காலையில் காபியோடு தொடங்கும். நீதியைப் பல்கலைக்கழகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்பேன். மருந்தை மட்டும் ஏன் கல்லூரியில் படிக்கிறார்கள், எல்லாரும் வீட்டிலேயே கஷாயம் வைத்துக் குடிக்கலாமே என்பாள். உப்பளத்தில் பெண்களுக்குக் குடிதண்ணீர் வேண்டும், ஒதுங்க மறைவு வேண்டும், கறுப்புக் கண்ணாடி வேண்டும் என்று கேட்டு நின்றவர்கள் எவரும் எம்.ஏ. படித்தவர்கள் இல்லை என்பேன். அதற்கு ஒரு நாள் அவள் சொன்ன பதில் என்னைக் கொஞ்சம் உறுத்தியது.

"படிச்சிருந்தா கலெக்டர் ஆபீஸ்ல நாற்காலி போட்டுப் பேசியிருப்பாங்க. படிக்காததுனாலதான் வராண்டாவுல நிக்க வச்சாங்க. அது பெருமையாம்மா?"

கணவரும் ஒரு நாள் வாய் திறந்தார். துறைமுகத்தில் பாதுகாப்பு அதிகாரியாக வந்திருக்கிற பையனைப் பற்றிச் சொன்னார். "அவன் அதுக்குன்னே ஒரு படிப்பு படிச்சுட்டு வந்திருக்கான். கிரேன்ல ஏறச் சொன்னா தலை சுத்தும். ஆனா அவன் கையெழுத்து இல்லாம நான் மேல ஏற முடியாது. காத்து அடிக்குதுன்னு அவன் நிறுத்தினா நிறுத்தினதுதான். போன மாசம் அவன் நிறுத்தலன்னா ஒருத்தன் கால் போயிருக்கும்."

"நீங்க யார் பக்கம்?"

"நான் கிரேன்ல இருக்கேன்," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

இவ்வளவு பேசியும் நான் உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. வேலை கிடைக்காது, வடக்கே குளிர், சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று ஏதேதோ சொன்னேன். அந்தப் படிப்பின் மேல் எனக்கிருந்த வெறுப்பு அவள் அந்தப் பெயரை எங்கள் வீட்டுக்குள் கொண்டு வருவதற்கு முன்பே தொடங்கியது. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில்.

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஸ்டாஃப் ரூம் மேஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமான பழைய மேஜை. மத்தியானம் மணி அடித்ததும் எல்லாரும் அவரவர் சோற்று டப்பாவை முன்னால் வைத்துக்கொள்வோம். தொடுகறி டப்பா மட்டும் தனி. அதைத் திறந்து வலது கைப் பக்கம் இருப்பவளிடம் தள்ளிவிட வேண்டும். அவள் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு அடுத்தவளிடம் தள்ளுவாள். இப்படி எல்லா டப்பாவும் மேஜையைச் சுற்றி வந்து சொந்தக்காரியிடம் சேரும். ரவுண்டு என்று அதற்குப் பெயர். தன் டப்பா திரும்பி வருவதற்கு முன்னால் யாரும் சோற்றில் கை வைப்பதில்லை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம். புது டீச்சர் யாராவது வந்தால், ரவுண்டில் அவள் டப்பா காலியாகத் திரும்பும் நாளில்தான் அவள் எங்களில் ஒருத்தி ஆகிறாள்.

என்னுடைய எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அந்த மேஜையில் நல்ல பேர். எனக்கு வலப்பக்கம் உட்காரும் தமிழ் டீச்சர் ரவுண்டு முடிந்த பிறகும் என் டப்பாவை வாங்கி, ஒட்டியிருக்கும் எண்ணெயில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவாள். என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள். என் மகளுக்குக் காது குத்தும்போது கம்மல் எடுத்துக்கொடுத்தவள். எங்கள் இருவருக்கும் இடையில் எல்லாப் பேச்சும் உண்டு. ஒன்றைத் தவிர.

என் அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவள். விடியுமுன் போய்ப் பாத்தியில் உப்பு வாரி, கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டிவிட்டு வருவாள். எங்கள் தெரு எது, எங்கள் சாதி எது என்பது பள்ளிக்கூட அலுவலகத்துக்குத் தெரியும், தலைமையாசிரியைக்குத் தெரியும். மேஜைக்குத் தெரியாது. எந்த ஊர் என்று கேட்டால் நாசரேத் பக்கம் என்பேன். நான் வாக்கப்பட்ட ஊர் அதுதான். டீச்சர் குடும்பமா என்பார்கள். என் மாமனாரும் மாமியாரும் டீச்சர்கள்தான், ஆமாம் என்பேன். நாங்கள் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள் என்பதையோ, அந்தக் கல்யாணத்துக்கு அவர் வீட்டில் வந்தவர்கள் எத்தனை பேர் என்பதையோ யாரும் கேட்டதில்லை. அவர் சாதிதான் என் சாதியும் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை. நினைத்தது அவர்கள்.

பொங்கலுக்குப் பிறகு ஏதோ ஓர் அறக்கட்டளை ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று ஒரு பெண்ணை அனுப்பியது. என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். கைத்தறிச் சேலை, கறுத்த வெள்ளியில் பெரிய தோடு, தொட்டிலில் கிடக்கிற பிள்ளை எழுந்துவிடுமோ என்பது மாதிரி மெல்லிய குரல். சமூக நீதிக் கல்வியில் முதுகலை என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். அப்போதுதான் அப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்குத் தெரியும். "இது பாதுகாப்பான இடம். இங்க பேசுறது இங்கயே இருக்கும்" என்றாள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் சொன்ன சங்கதி, சொன்னவள் வீடு போய்ச் சேர்வதற்குள் காய்கறிக் கடைக்குப் போய்விடும். அது அவளுக்கு எப்படித் தெரியும்?

பிரார்த்தனை ஹாலில் எங்களை ஒரே வரிசையில் நிறுத்தினாள். பிரிவிலேஜ் வாக் என்றாள். அவள் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பாள். நல்ல வாய்ப்புக் கிடைத்திருந்தால் ஓரடி முன்னால், கிடைக்காதிருந்தால் ஓரடி பின்னால். யாரும் பேசக் கூடாது. கடைசியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கேட்பதற்கு விளையாட்டு மாதிரி இருந்தது. தமிழ் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சின்ன வயதில் வீட்டில் புத்தகங்கள் இருந்தனவா? தமிழ் டீச்சர் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன், கை விடுபட்டது. வீட்டில் கழிப்பறை இருந்ததா? பெற்றோர் வெயிலில் உடலுழைப்பு வேலை பார்த்தார்களா? மழைக் காலத்தில் வீட்டில் வருமானம் நின்றுபோனதுண்டா? கேள்விக்குச் சரியான விடை சொல்வது எனக்குப் பழகிப்போன காரியம். ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பின்னால் போனேன். பிறகு அவள் கேட்டாள்: "உங்க சாதியைக் காரணமா வச்சு யாராவது உங்களுக்கு ஒரு விஷயத்தை மறுத்திருக்காங்களா?"

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கிறிஸ்துமஸ் நாடகத்தில் எனக்கு மரியாள் வேஷம் கொடுத்தார்கள். நீல முக்காடு போட்டு ஒத்திகையும் பார்த்தேன். ஒரு பிள்ளையின் அப்பா வந்து தலைமையாசிரியர் அறையில் சத்தம் போட்டுவிட்டுப் போனார். எங்கள் சாதிப் பெயரைச் சொல்லித்தான் சத்தம் போட்டார். மறுநாள் நான் மேய்ப்பர்களில் ஒருத்தி. முக்காடு வேறொருத்தி தலையில் இருந்தது.

ஓரடி பின்னால் வைத்தேன். முதுகு சுவரில் இடித்தது.

அந்தக் கேள்விக்குப் பின்னால் போனவள் நான் ஒருத்திதான். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேசக் கூடாது என்றுதானே சொல்லியிருந்தாள்? யாரும் பேசவில்லை. அந்தப் பெண் தன் மெல்லிய குரலில், "டீச்சர், அங்கிருந்து பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டாள்.

"எல்லாருடைய முதுகும் தெரிஞ்சுது. இப்ப முகமும் தெரியுது," என்றேன்.

அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. போர்டில் எழுதிக்கூடப் போட்டாள். அப்புறம் எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டோம். அவளுக்கு மட்டும் தலைமையாசிரியை அறையில் பார்சல் பிரியாணி. சாயங்கால ரயிலுக்கு நேரமாகிறது என்று சாப்பிட்டதும் கிளம்பிவிட்டாள். போகும்போது என் கையைப் பிடித்து, "உங்க துணிச்சலுக்கு நன்றி" என்று வேறு சொன்னாள். அவள் போன ஆட்டோ கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த விளையாட்டை எழுதியவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. முகம் தெரியாத மாணவர்கள் ஒரு வகுப்பில் கூடி, விளையாடிவிட்டு அவரவர் ஊருக்குப் போய்விடுவதற்காக எழுதியிருப்பார்கள். மறுநாளும் ஒரே மேஜையில் கறி பங்கு வைத்துச் சாப்பிட வேண்டியவர்களுக்காக நிச்சயமாக எழுதவில்லை. இந்த ஊரில் ஒருத்தி எந்தக் கேள்விக்குப் பின்னால் போகிறாள் என்று பார்த்தால் போதும், அவள் தெருவின் பெயர் வரை சொல்லிவிடுவார்கள். இது தெரியாமல் ஒரு படிப்பு, அதற்கு ஒரு பட்டம்.

மறுநாள் மத்தியானம் நான் எண்ணெய்க் கத்தரிக்காய் கொண்டு போனேன். திறந்து தள்ளினேன். தமிழ் டீச்சர், "டாக்டர் கத்தரிக்காய் ஆகாதுன்னுட்டாரு டீச்சர், உடம்பெல்லாம் அரிக்குது," என்று சொல்லி அடுத்தவளிடம் தள்ளினாள். அடுத்தவளுக்கு எண்ணெய் ஆகாது. அதற்கு அடுத்தவளுக்கு அன்றைக்கு விரதம். எதிர்ப்பக்கம் உட்காரும் அறிவியல் டீச்சர் மட்டும் எடுத்தாள். கடற்கரைத் தெருவில் பிறந்தவள், கத்தோலிக்கப் பெண், யாரிடமும் அதிகம் பேசாதவள். டப்பா கிட்டத்தட்ட நிறைந்தபடியே என்னிடம் வந்து சேர்ந்தது. அந்த வாரமே இன்னொருத்தி கொண்டுவந்த கத்தரிக்காய்க் கூட்டைத் தமிழ் டீச்சர் இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன்.

இப்படிக் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு, கொரோனாவுக்கு அப்புறம் இப்படிக் கரண்டி மாற்றிச் சாப்பிடுவது சுகாதாரம் இல்லை என்று யாரோ சொன்னார்கள். கொரோனா வந்து போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவரவர் அவரவர் டப்பாவைச் சாப்பிடுவது நல்லது என்று முடிவாயிற்று. தலைமையாசிரியையும் தலையாட்டினார். யாரும் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை ஒதுக்குவதற்குப் பதில் ரவுண்டையே நிறுத்திவிட்டார்கள். அவமானத்தை இவ்வளவு மரியாதையாகச் செய்ய முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்று முதல் அந்த மேஜையில் தொண்டைக்குக் கீழே சோறு இறங்கவில்லை.

இதை நான் வீட்டில் சொல்லவே இல்லை. கணவரிடம் சொன்னால் வருத்தப்படுவார். மகளிடம் சொன்னால் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடுவாள். கோபம் முழுவதையும் அந்த மெல்லிய குரல்காரியின் மேலும் அவள் படிப்பின் மேலும் போட்டு மூடி வைத்திருந்தேன். அந்த மூடியைத்தான் ஏப்ரலில் என் மகள் தோசைக்கல் பக்கத்தில் நின்று திறந்தாள்.

பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்க நெருங்க அவள் பேச்சும் கடுமையாகிவிட்டது. ஒரு சாயங்காலம், "நீ பயந்தாங்கொள்ளிம்மா," என்றாள். "நாசரேத்து மருமகள்னு சொல்லிக்கிட்டே காலத்த ஓட்டிட்ட. உங்கம்மா உப்பு வாரினாங்கன்னு ஒரு நாளாவது வெளியில சொல்லியிருக்கியா? அதச் சொல்லுத தைரியம் எனக்கு வேணும். அதுக்குத்தான் படிக்கப் போறேன்."

நான் காயப்போட்ட துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த அவள் சுடிதாரைக் கட்டிலில் வீசினேன்.

"சொல்லியாச்சுளா. ஹால் நடுவுல, எல்லாரும் பாக்க, சுவத்துல முதுகு இடிக்க நின்னு சொல்லியாச்சு. நீ படிக்கப் போற படிப்ப முடிச்சவதான் சொல்ல வச்சா."

முழுவதையும் சொன்னேன். வரிசை, கேள்விகள், முக்காடு, போட்டோ, பார்சல் பிரியாணி, கத்தரிக்காய், ரவுண்டு நின்றது. சொல்லும்போது அழுதேன், அழுகிறேனே என்று ஆத்திரமும் வந்தது. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள். முகம் வெளிறிவிட்டது. நான் முடித்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"கடைசில அவங்க டீப்ரீஃப் பண்ணலியா?"

"என்னது?"

"அந்த ஆக்டிவிட்டி முடிஞ்சதும் எல்லாரையும் உக்கார வச்சு, யாருக்கு எப்படி இருந்துச்சுன்னு பேசணும். அது செய்யாம விடக் கூடாது."

என் வாழ்க்கையில் அவளை அடிக்க வேண்டும் என்று அவ்வளவு கை துடித்ததில்லை. அம்மா அழுதுகொண்டு நிற்கிறேன், இவள் செய்முறையில் எந்தப் படி விட்டுப்போயிற்று என்று பார்க்கிறாள். இன்னும் சேரவே இல்லை, அதற்குள் அந்தப் பேச்சு வாயில் வந்துவிட்டது. "போ. எந்திரிச்சுப் போ," என்றேன். அவள் போய்விட்டாள். அதன் பிறகு சில நாட்கள் இரண்டு பேரும் அவர் வழியாகத்தான் பேசிக்கொண்டோம். உப்பு எடுத்துத் தரச் சொல்வதற்குக்கூட அவர் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, டூட்டியில் இருந்த அவருக்குத் துறைமுக வாசலில் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, அவள் ஸ்கூட்டியில் நான் பின்னால் உட்கார்ந்து திரும்பினேன். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளம். வெயில் பாத்தித் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவை கடந்து சத்தம் அடங்கினதும், முன்னால் பார்த்தபடியே அவள் பேசினாள்.

"அந்த அக்கா செஞ்சது தப்புதான். பெரிய தப்பு. நான் அன்னைக்குக் கேட்டதும் தப்பு. ஆனா உன் டப்பாவத் தள்ளி விட்டது அந்த அக்கா இல்லியேம்மா."

நான் காற்றில் பறந்த சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவள் விடவில்லை.

"நீ அந்த அக்காவத் திட்டுத, அவங்க படிப்பத் திட்டுத. தமிழ் டீச்சர ஒரு வார்த்த திட்டல. பக்கத்துலயே உக்காந்து சாப்பிடுத."

"அவ என் பிரசவத்துக்குக் கூட இருந்தவ."

"அதான் திட்டல."

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடி கேட்டாள்.

"இன்னொன்னு கேக்கேன், கோபப்படாத. நீ பின்னால போகாம இருந்திருக்கலாம்லா? முன்னால ஒரு அடி வச்சா யாருக்குத் தெரியப் போகுது? இவ்வளவு வருஷம் யாருக்கும் தெரியாமத்தான இருந்துச்சு. அன்னைக்கு மட்டும் ஏன் உள்ளதச் செஞ்ச?"

இதை நான் எனக்குள்கூடக் கேட்டுப் பார்த்ததில்லை. வீடு வரும்வரை யோசித்தேன். வாசலில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி அவள் கையில் கொடுக்கும்போதுதான் பதில் வந்தது.

"யாரும் கேட்டதில்ல. அவ கேட்டா."

சொன்னதும் எனக்கே எரிச்சலாக இருந்தது. வெறுத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியிடமிருந்து எனக்கு ஏதோ கிடைத்திருக்கிறது என்று ஒப்புக்கொள்வது சுலபமில்லை. அந்தப் படிப்பைப் பற்றிய என் அபிப்பிராயம் மாறிவிடவும் இல்லை. ஆனால் அன்று ராத்திரிச் சோறு பரிமாறும்போது அவளிடம் நேராகவே, "ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டேன்.

திங்கட்கிழமை எண்ணெய்க் கத்தரிக்காய் செய்தேன். வருஷக் கடைசி, பரீட்சை நேரம், ஸ்டாஃப் ரூமில் விடைத்தாள் கட்டுகள் குவிந்து கிடந்தன. மணி அடித்ததும் அவரவர் டப்பாவைத் திறந்தார்கள். நான் தொடுகறி டப்பாவைத் திறந்து, கரண்டி போட்டு, வலப்பக்கம் தள்ளினேன். அது தமிழ் டீச்சர் முன்னால் போய் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள்.

"ரவுண்டுதான் இல்லியே டீச்சர்."

"இன்னைக்கு உண்டு. எங்கம்மா உப்பளத்துல வேல பாத்தா. எங்க தெரு எதுன்னு உங்க எல்லாருக்கும் அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. வேணும்னா எடுத்துக்கிடுங்க. வேண்டாம்னா தள்ளி விடுங்க. அரிக்குது, விரதம்னு மட்டும் சொல்லாதீங்க."

தமிழ் டீச்சர் டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியிருந்ததா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பார்க்கவும் நான் விரும்பவில்லை. அவள் கரண்டியைத் தொடாமல் டப்பாவை அடுத்தவளிடம் தள்ளினாள். அது அப்படியே ஒவ்வொரு கையாக மாறிப் போனது. அறிவியல் டீச்சர் எடுத்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த, இந்த வருஷம்தான் சேர்ந்த சின்ன டீச்சர் கொஞ்சம் தயங்கிவிட்டு எடுத்தாள். டப்பா என்னிடம் வந்து சேர்ந்தது. நான் எல்லாரையும் பார்த்தபடி முழுச் சோற்றையும் சாப்பிட்டேன். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அந்த மேஜையில் எனக்குச் சோறு இறங்கியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பதில் சொல்லக் கடைசி நாள் மறுநாள். நான் பையைக்கூட இறக்கவில்லை.

"போய்ச் சேருளா," என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாத முகம். அவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னாச்சும்மா?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகல. அது உருப்படாத படிப்புதான், நான் இன்னும் அதையேதான் சொல்லுதேன். ஆனா நீ போய்ப் படி. படிச்சுட்டு எங்கயாவது ஒரு ஸ்கூலுக்குப் போய் டீச்சர்மாரக் கேள்வி கேட்ப. கேளு, கேக்கத்தான் வேணும். கேட்டுட்டு மட்டும் சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிராத."

"பின்ன?"

"மறுநாள் மத்தியானம் அவங்க சாப்பிடுதப்ப அங்கன இரு. யாரு டப்பா நெறஞ்சபடி திரும்பி வருதுன்னு பாரு. அதுல இருந்து மொத கரண்டி நீ எடு."